இரண்டாம் ரவை

துப்பாக்கியைப் பற்றிக் குடும்பப் பகுதியிலா எழுதுவது என்று நேயர்கள் புருவம் நெரித்தல் கூடும். அச்சொல்லைக் கேட்டவுடன் எம்மவர் மனக்கண்முன் எழுவன யாவை என்பதை நாம் அறியாதவரல்லோம். அவற்றுள் ஒன்றையும் ஈண்டுப் பேசப் போவதில்லை. பழைய வேட்டைத் துப்பாக்கி ஒன்றுக்குப் புதுக்குழல் பூட்டியதனால் நேர்ந்த வில்லங்கத்தையும், அதனை ஒரு கம்மியர் ஆராய்ந்து தீர்த்த விதத்தையுமே சொல்லப் புகுந்தோம். தையல் இயந்திரத்துக்கு வேறு வகை ஊசியை மாட்டிவிட்டு, நூல் ஏன் அறுகின்றது என்று தலையைச் சொறிந்த அனுபவம் இல்லத்தரசியர் பலர்க்கும் உண்டு. இதுவும் அத்தகைய கதையே. ஆனால் தையல் இயந்திரம் தவறினால் துணிதான் பாழாகும். இங்கே தவறினால் ஓர் உயிர் பாதி செத்தும் பாதி சாகாமலும் காட்டில் அலையும்.

கதை நிகழ்ந்த இடம் நோர்வே. ஊரிலே பிற்றர் வேலை பழகிய நாம் அந்நாட்டை அடைந்தது 1987 ஆம் ஆண்டில். வட கோடியிலுள்ள பின்மார்க்கிலே எம்மவர் பலரையும் போல மீன் பதனிடும் சாலையிற் சில காலம் நின்றோம். பின்னர் தெற்கே வந்து, ஓய்வு பெறும் வரை ஓர் இயந்திரப் பட்டறையிலே கடைசல் வேலை செய்தோம். அயல் வீட்டுக்காரர் எழுபதைக் கடந்த முதியவர். வேலிக்கு மேலால் வணக்கம் சொல்வதில் தொடங்கிய பழக்கம், அவருடைய புல்வெட்டும் இயந்திரத்தைத் திருத்திக் கொடுத்தபின் நட்பாயிற்று. இரும்பைத் தொட்டுப் பிழைத்தவர் இருவர் அயலவராயின் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

அந்நாட்டில் இலையுதிர்காலம் வந்துவிட்டால் ஆண்கள் மட்டுமன்றிப் பெண்களும் கூட்டங் கூட்டமாகக் காடேகுவர். செப்டெம்பர் 25 முதல் டிசெம்பர் 23 வரை எல்க் வேட்டை. எல்க் என்பது மான் இனத்துள் மிகப் பெரியது. எம் நாட்டு மரையைக் கண்டவர்கள் அதனை இரு மடங்காகப் பெருக்கி, நெடிய கால்களின் மேல் நிறுத்திப் பார்த்துக் கொள்வார்களாக. வளர்ந்த கடா 400 கிலோகிராமுக்கு மேலும் நிறுக்கும். ஆண்டொன்றுக்கு முப்பதாயிரம் அளவில் வேட்டையாடப்படுகின்றன. இறைச்சி கூட்டத்தாரிடையே பங்கிடப்பட்டுக் குளிர்பெட்டிகளை நிறைக்கும். வேட்டை என்றால் மனம்போன போக்கில் சுடுவதென்று எண்ணற்க. ஒவ்வோர் ஆண்டும் முப்பது வெடி பழகி, பின்னர் நூறு மீற்றர் தூரத்தில் விலங்கு உருவம் வரைந்த பலகையில் ஐந்து வெடியும் குறித்த வட்டத்துள் விழச் சுட்டுக் காட்டினாலன்றி எவரும் பெருவிலங்கை வேட்டையாட முடியாது. காயப்பட்டு ஓடியதைத் தேடிப் பிடிக்கப் பயிற்றப்பட்ட நாயொன்றும் கூட்டத்துக்கு எட்டும் நிலையில் இருத்தல் வேண்டும். விலங்கைக் காயத்தோடு விட்டு வருதல் அவர்களிடையே பெரும் இழுக்கு.

அந்த இழுக்குத்தான் 2023 ஆம் ஆண்டு ஐப்பசியில் எம் அயலவர்க்கு வந்து சேர்ந்தது. மாலை மங்கும் வேளை. முதல் வெடி சற்றே பின்தள்ளிப் பட்டது. அத்தகைய வேளையில் உடனே இரண்டாம் வெடி வைப்பதே முறை. அவர் துப்பாக்கியின் தாழை இழுத்தார், தள்ளினார், தாழ் பாதி வழியில் நின்றுவிட்டது. சன்னம் அறையினுட் புகாமல் எங்கேயோ முட்டிக்கொண்டது. மீண்டும் இழுத்துத் தள்ளுவதற்குள் எல்க் ஊசியிலை மரங்களுக்குள் மறைந்து போயிற்று. மறுநாட் காலையில் நாய் அதனைக் கண்டுபிடித்தபோது அதற்கு இன்னும் உயிர் இருந்ததாம். இதனைச் சொல்லும்போது முதியவர் எம் முகத்தைப் பார்க்கவில்லை.

அவர் வைத்திருந்த துப்பாக்கியின் வரலாற்றைச் சிறிது சொல்லாமல் மேற்செல்ல இயலாது. ஏனெனில் நோயின் வேர் அவ்வரலாற்றிலேயே இருந்தது. 1940 ஆம் ஆண்டு ஏப்ரில் 9 ஆந் திகதி ஜேர்மானியர் நோர்வேயின் மீது படையெடுத்தனர். 1945 மே 8 இல் அவர்கள் சரணடைந்தபோது ஏறக்குறைய மூன்றரை இலட்சம் ஜேர்மன் படைவீரர் அந்நாட்டில் இருந்தனர். அவர்கள் கையளித்த துப்பாக்கிகள் மலைமலையாய்க் குவிந்தன. அவற்றுட் பெரும்பாலானவை மவுசர் 98 வகையைச் சேர்ந்தவை. பவுல் மவுசர் என்னும் ஜேர்மானியர் வகுத்து, 1898 இல் அந்நாட்டுப் படை ஏற்றுக்கொண்ட அமைப்பு அது. வெற்றி பெற்ற சிறு நாடு, வீணாக்காமல் அவற்றைத் தன் படைக்கும் ஊர்காவற் படைக்கும் எடுத்துக்கொண்டது. ஆனால் யுத்தத்தின் பின் அமெரிக்கர் கொடுத்த ஆயுதங்களும் வந்து சேர்ந்தமையால், இரு வகை ரவைகளை வைத்துக்கொண்டு அல்லற்பட விரும்பாமல், 1950களில் பல மவுசர்களின் ஜேர்மன் குழலைக் கழற்றி அமெரிக்க ரவைக்குரிய குழலைப் பூட்டினர். முதியவரின் தந்தையார் ஊர்காவற் படையில் இருந்தவர். அப்படி மாற்றப்பட்ட துப்பாக்கி ஒன்று அவர் வழியாக வீட்டுக்கு வந்தது. அதன் இரும்பிலே ஜேர்மன் முத்திரையும் இருக்கின்றது. பக்கத்திலே நோர்வேப் படையார் பொறித்த 7.62 என்ற எண்ணும் இருக்கின்றது.

எம் ஊர்ப் பேச்சிலே ரவை, சன்னம் என்னும் இரண்டும் மயங்கி வழங்கும். ஈண்டு ரவை என்பது முழுதும். பித்தளைக் கோது, அதனுள் மருந்து, வாயிலே சன்னம் ஆகிய எல்லாம் சேர்ந்தது. ஜேர்மன் ரவையின் கோது 57 மில்லிமீற்றர் நீளம். 1906 இல் வந்த அமெரிக்க ரவையின் கோது 63 மில்லிமீற்றர். சன்னத்தோடு சேர்த்தால் முன்னையது ஏறக்குறைய 82, பின்னையது ஏறக்குறைய 85. நீண்ட ரவை நுழைவதற்கு இடம் வேண்டுமன்றோ? ஆதலின் படைக் கம்மியர் ரவைக்கூட்டின் முன்பக்கத்தை அகற்றி, மேலே இரும்பு வளையத்திலும் சிறு வெட்டு வெட்டி இடம் பண்ணினர். நல்வாய்ப்பாக இரு ரவைகளின் அடித்தலையும் ஏறக்குறைய ஒரே பருமன், 12 மில்லிமீற்றர். அமெரிக்கர் மவுசரைப் பார்த்துத் தம் துப்பாக்கியை அமைத்து, அதற்காக மவுசர் கம்பனிக்கு இரண்டு இலட்சம் டொலர் உரிமைப்பணமும் கட்டியவர்கள். சாயல் இருந்ததில் வியப்பில்லை.

ஐம்பது அறுபது ஆண்டு சுட்டபின் அந்தக் குழலும் தேய்ந்தது. முதியவரின் தோளும் தேய்ந்தது என்க. உதை குறைந்த ரவை வேண்டுமென்று, 51 மில்லிமீற்றர்க் கோதுடைய ரவைக்கு ஏற்ற புதுக்குழலை ஒரு பட்டறையிலே பூட்டுவித்தார். மகன் பாவிப்பதும் அதே ரவையாதலின் வாங்குவதும் எளிது. இது 1950களில் எழுந்த வகை. சன்னத்தோடு சேர்த்து முழு நீளம் 71 மில்லிமீற்றர்தான். கணக்கை நோக்குக. 82க்கு அமைத்த வீட்டை 85க்கு இடித்துப் பெருக்கினர். இப்போது அதிலே 71 குடியேறியது. குழல் மாறிற்று, வீடு மாறவில்லை.

தாழ்த் துப்பாக்கி வேலை செய்யும் விதத்தை அறியாதவர்க்கு ஒரு சொல். கதவின் தாழ்ப்பாளை மேலே திருப்பிப் பின்னுக்கு இழுத்து, பின்பு முன்னுக்குத் தள்ளிக் கீழே திருப்பிப் பூட்டுகின்றோமே, அதுவே அதன் இயக்கம். இழுக்கும்போது வெற்றுக் கோது வெளியே எறியப்படும். தள்ளும்போது கீழேயிருக்கும் கூட்டிலிருந்து மேல் ரவையைத் தாழின் முகம் உந்திக்கொண்டு போய் அறையினுட் செருகும். மவுசரின் ரவைக்கூட்டில் ஐந்து ரவைகள் இடமும் வலமுமாக மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கும். அடியிலே தகட்டுவில் ஒன்று, அதன்மேல் ஏந்துதட்டு; அது ரவைகளை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். மேலே இரு புறமும் இரும்பு உதடுகள், ரவை துள்ளி வெளியேறாமல் அமுக்கிப் பிடிக்கும். ரவையின் அடித்தலை உதடு அகலும் இடத்துக்கு வந்தவுடன் பிடி விடும். அந்தக் கணத்தில் தலை மேலெழுந்து, தாழின் முகத்திலுள்ள நீண்ட கொளுவியின் அடியிலே வழுக்கிப் புகுந்து கொள்ளும். அதன்பின் ரவை கொளுவியின் பிடியிலேயே அறைவரை செல்லும். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தாலும் விழாது. மவுசரின் பெருமை இதிலேதான் என்று வேட்டைக்காரர் சொல்லுவர்.

இவ்வளவும் ஒரு நொடிக்குள் நடப்பது. சன்னத்தின் நுனி எங்கே இருக்கும்போது உதடு பிடியை விடுகின்றது, நுனி எந்தச் சரிவிலே ஏறுகின்றது, எந்தக் கோணத்தில் அறைவாயைச் சந்திக்கின்றது என்பனவெல்லாம் ரவையின் நீளத்தையும் தடிப்பையும் கொண்டு முதலிலேயே கணித்து இரும்பிற் செதுக்கப்பட்டவை. ரவை மாறினால் கணக்கும் மாறும்.

குழல் பூட்டிய பட்டறை எதுவென்பது இங்கு வேண்டா. குழலைப் பூட்டியவர் செம்மையாகவே பூட்டியிருந்தார். ஆனால் முதியவர் இடர்ப்பாட்டைச் சொன்னபோது, மேசையிலே துப்பாக்கியை வைத்து ஐந்து போலி ரவைகளை ஏற்றி இறக்கிக் காட்டி, ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். மறுமுறை போனபோது உதடுகளை அரத்தால் ராவி அகலமாக்கலாம் என்றார்கள். முதியவர்க்கு அது பிடிக்கவில்லை, எமக்கும் பிடிக்கவில்லை. எங்கே தடுக்கின்றது என்று அறியுமுன் அரத்தை எடுப்பவன் பிற்றர் அல்லன். வைத்த இரும்பை எடுக்கலாம். எடுத்த இரும்பை வைப்பதெப்படி?

2024 ஆம் ஆண்டு வைகாசியில், பள்ளத்தாக்கு ஒன்றிலே தனியே தொழில் நடத்தும் வயது முதிர்ந்த கம்மியரிடம் அவர் போனபோது எம்மையும் கூட்டிச் சென்றார். முன்னாளில் மாட்டுத் தொழுவமாயிருந்த கட்டடம். இப்போது உள்ளே கடைசல் இயந்திரமும் எண்ணெய் மணமும். முதியவர் பையைத் திறக்குமுன்பே சொல்லிவிட்டார்: “இதனைத் திருத்த இயலாதெனில் நேரே சொல்லிவிடும். பொலிசாரிடம் ஒப்படைத்து உருக்கிவிடச் சொல்லுகின்றேன். தந்தையின் துப்பாக்கி என்பதற்காக இன்னுமொரு விலங்கை அப்படி விட நான் ஆயத்தமில்லை.”

கம்மியர் மறுமொழி கூறாமல் முதலிலே அறையின் ஆழத்தை அளவுக் கட்டைகளால் சோதித்தார். குழல் சரியான ஆழத்திலே பூட்டப்பட்டிராவிட்டால் மற்றைய ஆராய்ச்சி அனைத்தும் வீண், உயிருக்கும் ஆபத்து. அளவு சரியாயிருந்தது. பின்பு போலி ரவைகளை எடுத்தார். மருந்தும் இல்லை, வெடிமூடியும் இல்லை. ஆனால் முதியவர் வேட்டைக்குப் பாவிக்கும் அதே சன்னம், அதே நீளம். ரவை ஏறும் விதத்தைப் பட்டறைக்குள்ளே மெய் ரவையால் சோதிப்பவனிடம் கைகுலுக்கவும் வேண்டாம் என்றார் கம்மியர்.

மேசையின் மேல் வைத்துச் சோதித்தபோது, அந்தப் பட்டறையார் கண்டதே இங்கும் கண்டது. ஐந்தும் வழுக்கிக்கொண்டு ஏறின. மெதுவாகத் தள்ளினாலும் ஏறின. விரைவாகத் தள்ளினாலும் ஏறின. முதியவரின் முகம் வாடிற்று. சொல்லை நம்பமாட்டார்களோ என்ற வாட்டம் அது.

கம்மியர் கேட்டார்: “காட்டிலே எந்த ரவை சிக்கியது?”

“இரண்டாவது.”

“சுடுதளத்திலே?”

“இரண்டாவது, மூன்றாவது. முதலாவது ஒருபோதும் சிக்கியதில்லை.”

கம்மியர் முகத்திலே சிறு மலர்ச்சி. எஞ்சிய மெய் ரவைகள் உண்டோ என்று கேட்டார். சென்ற முறை சுடுதளத்தில் ஏற்றிச் சுடாமல் மீந்த இரண்டை முதியவர் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவற்றின் மெல்லிய ஈய நுனிகள் சுத்தியலால் தட்டியவை போலச் சப்பளிந்திருந்தன. அதைக் கண்டவுடன் எமக்கும் விளங்கிவிட்டது.

வெடி வெடிக்கும்போது துப்பாக்கி பின்னோக்கி உதைக்கும். கூட்டினுள் இருக்கும் ரவைகளோ இருந்த இடத்திலேயே இருக்க முயலும். பேருந்து திடீரென்று நின்றால் நாம் முன்னே விழுவதில்லையா, அதே நியாயம். 85 மில்லிமீற்றர்க் கூட்டிலே 71 மில்லிமீற்றர் ரவை. ஒரு விரற்கடைக்கு மேல் வெறுமை. ஒவ்வொரு வெடிக்கும் எஞ்சிய ரவைகள் முன்னே ஓடிப் போய்ச் சுவரில் நுனியை மோதிக்கொள்கின்றன. அங்கேயே நின்றும் விடுகின்றன. அப்படி முன்னே நிற்கும் ரவையின் அடித்தலை, உதடு பிடியை விடும் இடத்துக்கு மிக அருகில் வந்துவிடுகின்றது. தாழ் தொட்டவுடன் பின்பக்கம் துள்ளி எழும். நுனியோ இன்னும் சரிவின் அடியிலேயே கிடக்கும். பின் எழ, முன் தாழும். சன்னம் சரிவின் கீழ்விளிம்பில் முட்டி நின்றுவிடும். மேசையில் ஆறுதலாக வைத்து ஏற்றிய ரவைகள் பின்னே ஒழுங்காகக் கிடந்தமையால் அந்த நோய் அங்கே தலைகாட்டவில்லை.

கம்மியர் துப்பாக்கியை எடுத்தார். குழல்வாயைக் கீழே சாய்த்து, ரவைகளை விரலால் முன்னே தள்ளிவிட்டு, தாழைத் தள்ளினார். நின்றது. மறுபடியும் செய்தார், நின்றது. பத்து முறையில் ஏழு முறை நின்றது. முதியவர் ஒன்றும் பேசாமல் கதிரையில் அமர்ந்தார். பல மாதங்களாகத் தம் கையைத்தான் அவர் ஐயுற்றிருந்தார் என்பது பிறகுதான் எமக்குத் தெரிந்தது. பதற்றத்தில் தாழை முழுதாக இழுக்கவில்லையோ, வயதாகிவிட்டதோ என்று.

நோய் தெரிந்தால் மருந்து எளிது என்பர். மருந்திலும் இரண்டு வழி இருந்தது. கூட்டின் வெறுமையை அடைக்க ஒரு கட்டை வைக்க வேண்டும். அதனை முன்னே வைப்பதா, பின்னே வைப்பதா? பின்னே வைத்தால் ரவை அறைக்கு அருகிலிருந்து புறப்படும். அவ்வாறு அமைக்கப்பட்ட துப்பாக்கிகளும் உண்டு. நாம் அதனையே சொன்னோம். கம்மியர் தலையை அசைத்தார். அவற்றிலே உதடுகளும் அக்கணக்குக்கே செதுக்கப்பட்டிருக்கும். இந்தத் துப்பாக்கியிலோ பின்னே கட்டை வைத்தால் இப்போது சில வேளை நேரும் குறையை எந்நேரமும் நேரச் செய்ததாகும் என்றார். ரவை பின்னேதான் கிடக்க வேண்டும்; உதடு அதனைப் போதிய தூரம் பிடித்துச் செல்ல வேண்டும். ஆகவே கட்டை முன்னே. ஆனால் வெறுங்கட்டை போதாது. அதன் மேல்முகம் சாய்வாக இருந்து, பழைய சரிவைப் பின்னோக்கி நீட்டுவதாக அமைய வேண்டும். நுனி முதலில் கட்டையின் சாய்வில் ஏறி, அதிலிருந்து தடையின்றித் துப்பாக்கியின் சரிவுக்கு மாறி, அறைவாயை அடைய வேண்டும்.

இவ்விடத்தில் எமக்கும் ஒரு வேலை கிடைத்தது. இரும்பிலே செய்யுமுன் மரத்திலே செய்து பார்ப்போம் என்றார் கம்மியர். மரக்கட்டை வேலை செய்தால் அதே அளவில் உருக்கு, செய்யாவிட்டால் அடுப்புக்கு. காய்ந்த பூர்ச்ச மரத்துண்டு ஒன்றைக் கொடுத்தார். 13 மில்லிமீற்றர்த் தடிப்பு, மேலே சாய்வு. அன்று பின்னேரம் வரை நாம் அரமும் கையுமாக இருந்தோம். முப்பது பாகை சாய்த்தபோது நுனி தடுக்கியது. சற்றுக் குறைத்தபோது ஏறியது. இன்னும் குறைத்தபோது மேலே பறந்து அறையின் மேல்விளிம்பில் முட்டியது. மூன்று கட்டைகள் அடுப்புக்குப் போயின. நான்காவது நின்றது. முதியவர் கோப்பி வார்த்துக் கொடுத்துக்கொண்டும், எம்மைப் பார்த்துக்கொண்டும் இருந்தார்.

ஏந்துதட்டையும் கட்டைக்கு ஏற்ப முன்பக்கம் குறுக்க வேண்டியிருந்தது. கம்மியர் பழைய தட்டைத் தொடவில்லை. தம் பெட்டியிலிருந்த வேறொரு தட்டை எடுத்துக் குறுக்கினார். மூலத்தட்டை எண்ணெய்த் துணியிற் சுற்றி முதியவரிடமே கொடுத்து, “என்றேனும் நீண்ட ரவைக்கே திரும்ப விரும்பினால் இது வேண்டும்” என்றார். இந்த மனிதர் எம் மனத்திலே உயர்ந்தது அந்தக் கணத்தில்தான்.

இதோடு முடிந்ததென்று எண்ணினோம். இல்லை. கட்டை வைத்தபின் நான்கு ரவைகள் பட்டுப்போல் ஏறின. ஐந்திலே ஒன்று, ஒரே பக்கத்திலிருந்து வருவது, சற்றே உராய்ந்து கொண்டு ஏறியது. சிக்கவில்லை, ஆனால் கையிலே தெரிந்தது. நாம் பட்டறைகளில் இரு பரப்புகள் எங்கே தொடுகின்றன என்று அறிய நீலமை பூசுவது வழக்கம். கம்மியர் போலி ரவையைக் கறுப்பு மையால் பூசி ஏற்றி இறக்கினார். கறுப்பிலே ஒரு பளபளத்த கீறல், கோதின் தோளிலே. புதுக்குழலின் அறைவாய் விளிம்பு கத்திபோற் கூராக விடப்பட்டிருந்தது. அதனை மெல்லிய சாணைக்கல்லால் இரண்டு மூன்று முறை தடவினார், அவ்வளவே. இன்னும் சற்று உருட்டலாமே என்றோம். கூடாது என்றார். அவ்விடத்தில் இரும்பை அதிகம் எடுத்தால் கோதின் அடிப்பக்கம் தாங்குதலின்றி நிற்கும். வெடியின் அழுத்தத்தைப் பித்தளை மட்டும் தாங்காது. விளிம்பின் கூர் போனால் போதும், விளிம்பு போகக்கூடாது.

மரச்சட்டத்தைப் பூட்டும்போது இரண்டு பெரிய திருகாணிகளையும் அளவோடு இறுக்கினார். அதிகம் இறுக்கினால் மரம் நசிந்து ரவைக்கூடு மேலேறி இரும்பை முட்டுமாம். தளர விட்டால் இடையில் விழும் வெளியிலே ஏந்துதட்டுச் சிக்குமாம். உதடுகளை அவர் அரத்தால் மட்டுமன்று, விரலாலும் தொட்டதாக எமக்கு நினைவில்லை.

ஒரு கிழமை கழித்து உருக்குக்கட்டை ஆயத்தமாயிற்று. சோதனை நூறு முறை நடந்தது. குழல்வாய் கீழே, மேலே, இடப்பக்கம், வலப்பக்கம். மெதுவாக, விரைவாக, பாதி வழியில் நிறுத்திப் பின் தொடர்ந்து. எண்ணிக்கை வைப்பது எம் பணி. நூற்றில் ஒன்றும் சிக்கவில்லை. ஆயினும் கம்மியர் கைகுலுக்கவில்லை. சுடுதளத்துக்குப் போய், ஐந்து மெய் ரவைகளை ஏற்றி, நான்கைச் சுட்டு, ஐந்தாவதை வெளியே எடுத்து அதன் நுனியைப் பார்த்தபின்தான் பேச்சு என்றார். அடுத்த சனிக்கிழமை அவ்வாறே செய்யப்பட்டது. நான்கு வெடியின் உதையையும் கூட்டினுள்ளே கிடந்து அனுபவித்த ஐந்தாம் ரவையின் ஈயநுனி புதிதாக வாங்கியது போலவே இருந்தது. முதியவர் அதனைச் சட்டைப் பையிற் போட்டார். போடக்கூடாது, பெட்டியில் வையும் என்று கம்மியர் அதட்டினார்.

கூலியைக் கேட்டபோது, புதுக்குழலுக்குக் கொடுத்ததில் ஐந்திலொரு பங்கும் ஆகவில்லை. உதடுகளை ராவியிருந்தால் இன்னும் மலிவாக முடிந்திருக்கும், துப்பாக்கியும் முடிந்திருக்கும்.

ஆவணியில் முதியவர் முப்பது வெடி பழகி, ஆண்டுத் தேர்விலும் சித்தியெய்தினார். செப்டெம்பர் 25 அன்று விடியுமுன்னே அவர் வீட்டு விளக்கு எரிவதைக் கண்டோம். அவ்வாரம் அவர் கண்ணிற் படவில்லை. அடுத்த கிழமை மாலையில் வாயில் மணி ஒலித்தது. கையிலே தாளிற் சுற்றிய பெரிய பொதி. மூன்று கிலோகிராம் இருக்கும். கடா ஒன்று, எழுபது மீற்றரில் நின்றதாம். முதற் சன்னத்திலேயே முழங்கால் மடிந்து வீழ்ந்ததாம். இரண்டாம் வெடி தேவைப்படவேயில்லை.

“ஆனாலும் தாழை இழுத்துத் தள்ளினேன்” என்றார். “ஏறியது. கிட்டே போய் அது இறந்ததென்று கண்ட பிறகே அந்த ரவையை வெளியே எடுத்தேன்.”

எம் இல்லாள் அவரை உள்ளே இருத்திவிட்டுப் பொதியைப் பிரித்தாள். கடாவின் தொடையிறைச்சி, ஆறுதலாக வேகவைக்க வேண்டியது. இரண்டு மணி நேரம் அடுப்பில் வைத்து, யாழ்ப்பாணத்துத் தூளை அரைப்பங்காகக் குறைத்துப் போட்டும், முதியவர் மூன்று முறை தண்ணீர் கேட்டார். நான்காம் முறை இன்னும் கொஞ்சம் கறி கேட்டார்.